வெள்ளிக்கிழமைத் தேசிக்காய்த் தண்ணீர்

தவக்காலம் தொடங்கினால் பிலிப்புவின் வீட்டில் கறிக்கு உப்புச் சரியாக இருப்பதில்லை. அவருடைய மனைவி அருமைநாயகி விபூதிப் புதன் முதல் உயிர்த்த ஞாயிறு வரை ஒருசந்தி பிடிப்பவள். மத்தியானம் மட்டும் ஒரு நேரச் சாப்பாடு, அதிலும் மீன் இல்லை. இறைச்சியை விடச் சொல்லும் திருச்சபை மீனை விடச் சொல்லவில்லைதான். ஆனால் கடலுக்குப் போகிறவன் வீட்டில் இறைச்சியை விடுவது ஒரு தவமா என்பது அவளுடைய கேள்வி. பிலிப்பு கொண்டுவரும் விளைமீனையும் பாரையையும் அவருக்காகக் காய்ச்சுவாள். உப்புப் பார்க்க ஒரு துளிக் குழம்பைக்கூட நாக்கில் வைக்க மாட்டாள். பிலிப்பு ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழும்புவார். அருமைநாயகிக்கு ஒரு தவம், பிலிப்புவுக்கு வேறொரு தவம் என்று வட்டாரத்தில் பகிடி பண்ணுவார்கள்.

பெரிய வியாழன் மாலைப் பூசையில் பங்குச் சுவாமியார் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவுவார். அந்தப் பாதங்களைத் துடைக்கும் வெள்ளைத் துவாய்களைத் தோய்த்து, கஞ்சி போட்டு, மடித்துக் கொடுப்பது நெடுங்காலமாக அருமைநாயகியின் வேலை. போன வருடம் வரை பன்னிரண்டு பேரும் ஆண்கள். இந்த வருடம் விபூதிப் புதன் பூசை முடிவில் கொலின்ஸ் சுவாமியார், இனிமேல் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், பங்கிலுள்ள ஆறு வட்டாரத்துக்கும் ஒவ்வொரு பெண்ணாகத் தெரிந்தெடுங்கள் என்று அறிவித்தார்.

கோயில் வாசலில் வட்டாரத் தலைவர் சந்தியோகு நெற்றிச் சாம்பலோடு அருமைநாயகியை மறித்தார்.

"எங்கடை வட்டாரத்துக்கு ஆர் எண்டு கூட்டம் வைச்சோ கதைக்கவேணும்? நீங்கள் உங்கடை காலை மட்டும் கொண்டுவாங்கோ."

அவள் தலை குனிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டுத் தன் குதிக்கால்களைப் பார்த்தாள். வெடித்துப் போயிருந்தன. அன்றிலிருந்து படுக்கப்போகும்போது தேங்காயெண்ணெய் பூசத் தொடங்கினாள். வாயைக் கட்டுகிறவள் காலுக்கு எண்ணெய் பூசுவதில் ஒரு குற்றமும் அவளுக்குத் தெரியவில்லை. பாதத்தைத் தொடப்போவது ஆண்டவருடைய இடத்தில் நிற்கிறவர் அல்லவா?

முதல் வெள்ளியே அந்த நிம்மதி குழம்பியது.

பக்கத்து வீட்டு றொசாந்தி மீன் சந்தையில் வெட்டிக் கொடுத்து விற்கிறவள். முப்பத்தைந்து வயதிருக்கும். நல்லூரிலிருந்து கார் கொண்டு வருகிறவர்களோடும், உரும்பிராய்ப் பக்கம் மீன் கொண்டு போகிற மோட்டார் சைக்கிள்காரரோடும் ஒரே குரலில் சண்டை பிடிப்பாள். ஒருசந்தியும் பிடிப்பதில்லை, விடியப் பாணும் சம்பலும் தின்றுவிட்டுத்தான் சைக்கிள் ஏறுவாள். சந்தையில் கூரை இருந்தது, சீமெந்து மேசை இருந்தது, போன வருடம் பூட்டிய லைற்றும் இருந்தது. பெண்களுக்குக் கழிவறை மட்டும் இல்லை. ஆண்கள் கடற்கரை மதிலோரம் போய்வந்தார்கள். வெள்ளிக்கிழமை சைவச் சனம் மீன் தொடாது, சந்தை மந்தம். அந்த நாளைப் பார்த்து றொசாந்தியும் மற்றப் பெண்களும் மத்தியானத்தோடு கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, சந்தைக்குப் பொறுப்பான அலுவலகத்தின் வாசற் படலையடியில் கழிவறை கேட்டு மட்டையில் எழுதிய வாசகத்தோடு நின்றார்கள். தவக்காலத்து வெள்ளி ஒவ்வொன்றும் நிற்பது என்று முடிவாம்.

ஞாயிறு பிரசங்கத்தில் கொலின்ஸ் சுவாமியார் அதைச் சொன்னார். 'பெண்களின் அடிப்படை வசதி' என்றுதான் சொன்னார். கோயிலுக்குள் வேறு எப்படிச் சொல்வது? வயிறு மட்டும் ஒருசந்தி இருந்தால் போதாது, பிறருக்காகக் காலும் நிற்க வேண்டும், வாயும் பேச வேண்டும் என்றார். சனம் திரும்பி றொசாந்தியைப் பார்த்தது. 'வயிறு மட்டும்' என்ற இரண்டு சொற்களும் தன் தலையில் விழுந்தன என்று அருமைநாயகி நினைத்தாள்.

பூசை முடிந்து வெளியே வந்தால், கன்னியர்மடத்து மதர், றொசாந்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்தக் கைகளில் மீன் மணக்காதோ என்று அருமைநாயகி யோசித்தாள். அடுத்த நாள் பிலிப்பு தன் போனை நீட்டினார். "இஞ்சை பார், பக்கத்து வீட்டுக்காரி வீடியோவிலை வாறாள்." யாரோ எடுத்துப் போட்டிருந்தார்கள். றொசாந்தி மட்டையைத் தலைக்கு மேலே பிடித்திருந்தாள். அருமைநாயகி அதை ஒருமுறை பார்த்தாள். பிலிப்பு கிணற்றடிக்குப் போனபிறகு இன்னொருமுறை பார்த்தாள். அன்றைய குழம்பு உப்புக் கரித்தது.

இதற்குப் பொறாமை என்று பெயர் வைக்க அவளுக்குத் தோன்றவில்லை. பங்கின் நன்மையைப் பற்றிய கவலை என்றே எண்ணினாள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது பிலிப்புவோடு எரிந்து விழுந்ததைச் சொன்னாள், செபமாலையில் பராக்காக இருந்ததைச் சொன்னாள், இதைச் சொல்லவில்லை.

ஒருசந்தியால் மிச்சம் பிடிப்பதை ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். அருமைநாயகி வெள்ளி தோறும் தேசிக்காய் பிழிந்து, சீனி போட்டு ஒரு வாளி தண்ணீர் கரைத்துச் சந்தைக்குக் கொண்டுபோவாள். பங்குனி வெயிலுக்கு அது நல்ல தர்மம். பெண்கள் ஆளுக்கொரு குவளை வாங்குவார்கள். ஆனால் அங்கே குடிப்பதில்லை. போத்தலில் ஊற்றி மூடி, வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்பார்கள். பிள்ளைகளுக்கு ஆக்கும் என்று அவள் நினைத்துக்கொள்வாள். தன் கணவரின் வள்ளத்து மீன் வீட்டுக்கே வருவதால் அவள் அந்தச் சந்தையில் அரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்ததில்லை.

றொசாந்தி போத்தலிலும் வாங்கவில்லை.

"எனக்கு வேண்டாம் அக்கா. மற்றவைக்குக் குடுங்கோ."

"ஏன், களைச்சுப்போய்த்தானே நிக்கிறாய்?"

"பழகிப்போச்சு."

அந்த ஒற்றைச் சொல்லை அருமைநாயகி வீடுவரை சுமந்துகொண்டு வந்தாள். பழகிப்போச்சாமே. விடியப் பாண் தின்கிறவள், வெள்ளிக்கிழமை பத்துப்பேர் பார்க்கிற இடத்தில் தண்ணீரும் தொடாமல் நிற்கிறாள். ஒருசந்தியில் தண்ணீர் குடிக்கத் தடையில்லை. அதையும் விட்டு என்னைத் தோற்கடிக்கப் பார்க்கிறாள். இப்படித்தான் அவளுக்கு விளங்கியது. அடுத்த நாளிலிருந்து அருமைநாயகியும் பகலில் தண்ணீரை விட்டாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. பின்னேரம் சிலுவைப் பாதையில் முழங்காலில் இருந்து எழும்பும்போது கண் இருண்டது. பக்கத்தில் நின்றவர்கள் என்ன என்று கேட்க, "தண்ணியும் விட்டிருக்கிறன்" என்று மெல்லச் சொன்னாள். மெல்லத்தான், ஆனால் முன்னால் இரண்டு வாங்கில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி.

எவ்வளவு செய்தும் பேச்சு மாறிக்கொண்டே போனது. சந்தியோகு இப்போது அவளைக் கண்டால் மழையைப் பற்றிக் கதைத்தார். ஒருநாள் நேரே கேட்டபோது, வட்டாரத்தில் சிலர் வேறு விதமாகவும் சொல்லுகிறார்கள், குருத்தோலை ஞாயிறு கூடி முடிவெடுப்போம் என்று இழுத்தார். அன்றிரவு அவள் காலுக்கு எண்ணெய் பூசவில்லை. பிறகு எழும்பிப் பூசினாள்.

குருத்தோலை ஞாயிறுக்கு முதல் வந்த வெள்ளி, சந்தை அலுவலகத்து அதிகாரி தானே வெளியே வந்து பேசுவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். எல்லா வட்டாரத்துப் பெண்களும் அன்று போய் நில்லுங்கள் என்று சுவாமியாரும் கேட்டிருந்தார். அருமைநாயகி வாளியோடு சந்தைக்கு வந்தபோது பெண்கள் புறப்பட ஆயத்தமாக நின்றார்கள். றொசாந்தி விடியப்புறம் கரைக்குப் போய் மீன் எடுத்தவள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. அதைப் பார்த்ததும் அருமைநாயகிக்குள் ஏதோ எரிந்தது. குவளையை நிறைய மொண்டு அவள் முன்னால் நீட்டினாள்.

"குடி."

"வேண்டாம் அக்கா."

"பேருக்கு ஒருசந்தி பிடிக்கிறது ஆண்டவருக்கு ஏறாது, றொசாந்தி. நானும் மனிசிதான், மரியாதைக்குத் தாறன். எல்லாருக்கும் முன்னாலை என்ரை கையைத் தட்டப்போறியோ?"

பக்கத்து மேசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூலையில் இறால் விற்கிற கிழவி சின்னாச்சி, "விடு பிள்ளை அவளை" என்றாள். அருமைநாயகி கையை எடுக்கவில்லை. றொசாந்தி ஒருமுறை அலுவலகப் பக்கம் பார்த்தாள். பிறகு குவளையை வாங்கி, அண்ணாந்து முழுவதையும் குடித்தாள். அருமைநாயகி இன்னொரு குவளை மொண்டாள். அதையும் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "இனிப் போதுமே அக்கா?" என்று கேட்டாள். அருமைநாயகிக்கு அப்போது ஒரு வெற்றி போலத்தான் இருந்தது.

அலுவலகப் படலையடியில் நிழல் இல்லை. அதிகாரி உள்ளே கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். வெயில் தாரில் பட்டு முகத்துக்கு ஏறியது. றொசாந்தி முதலில் முன்வரிசையில் நின்றாள். தான் சொல்லவேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினாள். மட்டையைக் கீழே வைத்தாள். நெற்றியில் வியர்வை கட்டியது. பிறகு பக்கத்தில் நின்றவளிடம் ஏதோ சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து வேகமாகப் போனாள். எதிரே இருந்த கடைக்காரர் கையை விரிப்பதும், அவள் அடுத்த ஒழுங்கைக்குள் திரும்புவதும் தெரிந்தது.

"எங்கை போறாள், இந்த நேரம் பாத்து?" என்று அருமைநாயகி கேட்டாள்.

சின்னாச்சி அவளைப் பார்க்காமலே பதில் சொன்னாள். "கக்கூசு தேடி. நீ பருக்கின தண்ணி. நாங்கள் விடியத் தொட்டு வீடு போகுமட்டும் ஒரு மிடறு குடிக்கிறேல்லை, பிள்ளை. குடிச்சால் எங்கை போறது? நீ நாப்பது நாளைக்கு விட்டிருக்கிறாய். நாங்கள் வருசம் முழுக்க. எங்களுக்கு ஆரும் சாம்பல் பூசேல்லை."

மூடிய போத்தல்களெல்லாம் அருமைநாயகியின் கண்முன் வரிசையாக வந்தன. வாளி வாளியாகத் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்து, ஒருத்தியும் குடிக்காததை வெள்ளி தோறும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்து அதிகாரி வெளியே வந்தார். பொல்லாத மனிதர் அல்ல, களைத்த மனிதர். ஆர் கதைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். பெண்கள் ஆளையாள் பார்த்தார்கள். றொசாந்திதான் கதைப்பதென்று எல்லோரும் அவளில் விட்டிருந்தார்கள். சந்தைக்கு லைற் போட்டோம், மேசை கட்டினோம், வசதிகள் படிப்படியாகத்தான் வரும் என்று அவர் சொன்னார். ஆள் இல்லையென்றால் பெருநாள் கழித்துப் பார்ப்போம் என்று உள்ளே திரும்பினார்.

"ஐயா, நில்லுங்கோ," என்றாள் அருமைநாயகி.

அவர் நின்றார்.

"கதைக்கவேண்டிய பிள்ளை கக்கூசு தேடிப் போட்டா."

படிக்கட்டில் நின்ற ஒரு பியோன் சிரித்தான். அருமைநாயகியின் காதுவரை சூடேறியது. ஆனால் அவள் நிறுத்தவில்லை.

"சிரிக்கத்தான் வரும். நானும் இவ்வளவு நாளும் அந்தச் சொல்லைச் சொல்ல வெக்கப்பட்டனான். இஞ்சை வரமுதல் நான்தான் அந்தப் பிள்ளைக்குப் பலவந்தமாத் தண்ணி பருக்கினது. அவ வேண்டாமெண்டவ. போக இடமில்லையெண்டு இவை எல்லாரும் பகல் முழுக்கத் தண்ணி குடியாமல் இருக்கினம். எனக்கு அது தெரியேல்லை ஐயா. உங்களுக்கும் தெரியாமல் இருந்திருக்கும். இப்ப ரெண்டு பேருக்கும் தெரியும்."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே இருக்கிற கழிவறை ஊழியர்களுக்கு மட்டும் என்று எதையோ தொடங்கினார். அவருக்குப் பின்னால் நின்ற இளம் எழுதுவினைஞர், பிரசாந்தி என்று பெயர், "சேர், கட்டி முடியுமட்டும் அவையும் பாவிக்கட்டும். எங்களுக்கு ஒண்டும் குறையாது" என்றாள். அவர் அவளைப் பார்த்தார். வெயிலில் நின்ற பெண்களைப் பார்த்தார். பிறகு, பாவிக்கட்டும் என்றும், சந்தைக் கழிவறைக் கட்டட வேலையை அடுத்த கூட்டத்தில் எடுப்பதாகவும் சொன்னார். பிரசாந்தி உள்ளே போய்க் கழிவறைக் கதவின் திறப்பை எடுத்துவந்து சின்னாச்சியின் கையில் வைத்தாள்.

றொசாந்தி ஓடி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண்கள் அருமைநாயகியைச் சுற்றி நின்றார்கள். யாரோ போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நடந்ததைச் சொன்னார்கள். றொசாந்தி, "நல்லது" என்றாள். குனிந்து மட்டையை எடுத்தாள். நிமிரும்போது அருமைநாயகியை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை அருமைநாயகிக்கு நன்றாகத் தெரியும். இந்தத் தவக்காலம் முழுவதும் தன் கண்களுக்குப் பின்னால் இருந்தது அதுதான். இன்னொருத்தியின் முகத்தில் கண்டபோதுதான் அதற்கு என்ன பெயர் என்பது விளங்கியது.

பின்னேரம் சிலுவைப் பாதையில் சந்தியோகு தேடி வந்தார். வீடியோவைப் பார்த்தாராம். இனி ஒரு கதையும் இல்லை, வட்டாரத்தின் இடம் அவளுக்குத்தான் என்று உள்ளங்கையில் அடித்துச் சொன்னார். ஆசைப்பட்டது அப்படியே கைக்கு வந்திருந்தது. றொசாந்தியின் வாயில் பலவந்தமாக ஊற்றிய இரண்டு குவளைத் தண்ணீரால் வந்திருந்தது. அன்று சிலுவைப் பாதைக்கு றொசாந்தி வரவில்லை.

கோயிலால் வந்த அருமைநாயகி தன் வீட்டுக்குப் போகாமல் பக்கத்து வீட்டுப் படலையைத் திறந்தாள். றொசாந்தி குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இருங்கோ என்று சொல்லவில்லை. அருமைநாயகி தானே பலகையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"உன்னிலை எனக்கு எரிச்சல், பிள்ளை. அதுதான் பருக்கினனான்."

"தெரியும்," என்றாள் றொசாந்தி. இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள். "நான் எவ்வளவு நாளாப் பாடமாக்கி வைச்சிருந்தனான் தெரியுமோ, அக்கா? கடைசியிலை நீங்கள் கக்கூசு எண்டு ஒரு சொல்லிலை முடிச்சுப்போட்டியள்."

அவளுடைய குரல் சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில் நின்றது.

"என்ன பாடமாக்கினனி? எனக்குச் சொல்லு."

"இனி என்னத்துக்கு?"

"நான் கேக்கவேணும்."

றொசாந்தி வெங்காயத்தை வைத்துவிட்டுச் சேலையைச் சரிசெய்தாள். எதிரே அதிகாரி நிற்பதுபோலச் சுவரைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள். கர்ப்பத்தோடு சந்தையில் இருந்ததைச் சொன்னாள், பகல் முழுக்க அடக்கியதால் வந்த சலக்கடுப்போடு ஆசுபத்திரியில் கிடந்ததைச் சொன்னாள், சின்னாச்சியின் வீங்கின காலைச் சொன்னாள். நடுவில் ஓரிடத்தில் மறந்து, திரும்ப முதலில் இருந்து தொடங்கினாள். அருமைநாயகி ஒரு சொல் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டாள். முடிந்ததும் றொசாந்தி பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாள். இன்னொரு குவளை மொண்டு, நீட்டலாமா என்ற யோசனையோடு பார்த்தாள். பொழுது இன்னும் படவில்லை. அருமைநாயகி வாங்கிக் குடித்தாள்.

குருத்தோலை ஞாயிறு வட்டாரம் கூடியபோது, இடம் றொசாந்திக்குத்தான் என்று அருமைநாயகி சொன்னாள். சொல்லும்போது நெஞ்சில் ஏதோ குத்தியது. சந்தியோகு மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னாள், இந்தமுறை கொஞ்சம் சத்தமாக.

பாதம் கழுவப்படப் போகிறவர்கள் எல்லோரும் வீட்டில் நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் கோயிலுக்கு வருவார்கள். சிலர் பவுடரும் போட்டுக்கொண்டு வருவதுண்டு. பெரிய வியாழன் மாலை, பூசைக்கு முதல் மணி அடித்தும் றொசாந்தியைக் காணவில்லை. அருமைநாயகி சுவாமியார் உடுப்பு மாற்றும் சக்கிறீஸ்துவில் துவாய்களை அடுக்கிவிட்டு வெளியே எட்டிப் பார்த்தாள். றொசாந்தி பக்கவாசலில் நின்றாள். நல்ல சேலை, தலையில் பூ. கீழே, செருப்புக்கும் விரலுக்கும் இடையில் இரத்தமும் செதிலும்.

"வள்ளம் பிந்தி வந்தது, அக்கா. சேலையை மாத்தத்தான் நேரம் இருந்தது. இந்தக் காலோடை நான் எப்பிடிப் போய் இருக்கிறது? நீங்கள் போங்கோ. உங்கடை இடம்தானே."

எண்ணெய் பூசிய குதிக்கால்கள் அருமைநாயகிக்கு நினைவு வந்தன. அவை இப்போது வெடிப்பில்லாமல் இருந்தன. அவள் ஒருமுறை குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"வா இஞ்சாலை," என்று றொசாந்தியின் கையைப் பிடித்துக் கோயிலின் பின்புறத் தண்ணிப் பைப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். துவாய் தோய்த்த சவர்க்காரம் அங்கேயே இருந்தது. குந்தி இருந்து, றொசாந்தியின் காலைத் தூக்கித் தன் முழங்காலில் வைத்துத் தேய்த்தாள். செதில்கள் தோலோடு ஒட்டிக் காய்ந்திருந்தன. ஒவ்வொன்றாகப் பெருவிரல் நகத்தால் சுரண்டினாள். "கூசுது அக்கா" என்று றொசாந்தி நெளிந்தாள். "ஆடாமல் நில். இரண்டாம் மணி அடிக்கப்போறான்." துவாய் எடுக்க நேரமில்லை. சேலைத் தலைப்பால் துடைத்து அனுப்பினாள்.

கொலின்ஸ் சுவாமியார் ஒவ்வொருவராகக் குனிந்து கழுவி வந்தார். றொசாந்தியின் பாதத்தில் தண்ணீர் ஊற்றியபோது அருமைநாயகிக்குள் அந்தக் குத்து மறுபடியும் வந்தது. போய்விட்டது என்று நினைத்திருந்தாள். போகவில்லை, சின்னதாக இருந்தது. றொசாந்தியின் கண்கள் சனத்துக்குள் யாரையோ தேடின. அருமைநாயகியைக் கண்டதும் அவள் கால்விரல்களை மெல்ல ஆட்டிக் காட்டின மாதிரி இருந்தது.

பூசை முடிந்து சக்கிறீஸ்துவில் உடுப்பு மாற்றும்போது சுவாமியார் சிரித்துக்கொண்டே சந்தியோகுவிடம் சொன்னார். "சந்தையிலை இருந்து நேரை வாற பிள்ளையாம். இண்டைக்கு எல்லாருக்குள்ளையும் துப்புரவான கால் அவவின்ரைதான். எப்ப கழுவினாவோ தெரியாது."

அருமைநாயகி நனைந்திருந்த சேலைத் தலைப்பைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, ஈரத் துவாய்களை ஒவ்வொன்றாக எடுத்து வாளிக்குள் போட்டாள்.